கேட் வரைக்கும் வந்த கும்பாதிரி

கஸ்பார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னொரு காலைப் பெடலில் வைத்தபடி, எங்கள் குடும்ப ஆலோசனை மையத்தின் இரும்பு கேட்டுக்கு முன்னால் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற சட்டை. அன்றைக்குப் புதன்கிழமை.

உள்ளே எட்டிப் பார்த்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு தெருவின் வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். யாரையோ தேடுகிற பார்வை.

யாரையோ என்ன, என்னைத்தான் தேடினார்.

நான் எதிர்ச்சாரியில், என் சொந்த லாரிக்குப் பின்னால், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவன்போலக் குனிந்து நின்றேன். வெயிலில் வெந்த ரப்பர் வாசமும் தார்ப்பாயில் ஊறிய கருவாட்டு வாசமும் மூக்கில் ஏறின. இந்த ஊரில் எவன் முன்னாலும் நான் குனிந்து நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன். நெஞ்சுக்குள் ஒரே நினைப்புத்தான் ஓடியது: 'இறங்கி உள்ள போயிரும் ஓய். போயிரும்.'

போன வாரம் இந்தத் தொடரில், என் முதல் லாரியை வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "எல்லாம் ஜெயித்த கதையாகவே இருக்கிறதே, தோற்ற கதை ஒன்றுகூடக் கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது ஐயா. லாரிக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்ற இந்தக் கதைதான் அது. ஏன் ஒளிந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பஞ்சாயத்துக்கு ஒரு படிப்பு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்பில் இருந்ததில்லை. பழைய துறைமுகத்தில் வெங்காய மூட்டை உருட்டிக்கொண்டிருந்தேன். எழுத்தைப் படித்தது கொஞ்சம், ஆளைப் படித்தது அதிகம். லோடுமேன்களுக்குள் கைகலப்பா, மீன் ஏலத்தில் வாய்த்தகராறா, அண்ணன் தம்பிக்குள் சுவர்ச் சண்டையா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் என் வாசலுக்கு வருவார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்களே, "நீங்க பேசி முடிச்சு வைங்க, எங்களால முடியல" என்று ஆளனுப்பியிருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். பெருமைதான்.

லாரிகள் பெருகி, பையன்கள் தொழிலைப் பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்குக் கை ஓய்ந்தது. அப்போதுதான் ஒரு சின்ன அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு ஆலோசனை மையம் வைக்க இடம் வேண்டும் என்றார்கள். சரக்குப் போட்டு வைத்திருந்த என் பழைய கிட்டங்கியைக் காலி செய்து கொடுத்தேன். வெள்ளையடித்தேன், ஃபேன் மாட்டினேன், தேக்கு நாற்காலி வாங்கிப் போட்டேன். தலைவரும் ஆனேன். கட்டடம் கொடுத்தவன் தலைவராகாமல் வேறு யார் ஆவது?

வேலைக்கு வந்தது இந்துமதி என்ற பெண். நாமக்கல் பக்கம். சமூகப்பணி என்று ஒரு படிப்பு இருக்கிறதாம், அதில் பெரிய படிப்புப் படித்தவள். எனக்குச் சிரிப்பாக வந்தது. பஞ்சாயத்துப் பேசுவதற்கு ஒரு படிப்பா? அதற்குப் பரீட்சை வேறா?

மையம் திறந்த புதிதில், என் லாரி டிரைவர் ஒருவனின் மனைவி அழுதுகொண்டு வந்தாள். புருஷன் குடிக்கிறான், வாயைத் திறந்தால் வசவு. நான் இந்துமதியை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். டிரைவரைக் கூப்பிட்டேன்.

"ஏலே, இனிமே குடிப்பியா?"

"குடிக்க மாட்டேன் மொதலாளி."

"வீட்டுல வாயி நீளுமா?"

"நீளாது மொதலாளி."

"போ. வண்டிய எடு."

ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "அவரு தலையாட்டுனது உங்க லாரிக்குங்க அண்ணாச்சி. அந்த அக்காவுக்கு இல்ல" என்றாள்.

சில நாள் கழித்து அந்த மனைவி மறுபடியும் வந்தாள். உதடு வீங்கியிருந்தது. "மொதலாளி காதுலயா கொண்டு போடுதே" என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம்.

அன்றைக்குத்தான் இந்துமதி என்னை உட்கார வைத்துப் பேசினாள். நமக்கு வேண்டியவர்கள், நம்மிடம் வேலை செய்பவர்கள், நம் சொந்தக்காரர்கள் யாராவது வந்தால், இன்னார் எனக்கு வேண்டியவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். உள்ளே அவர்கள் சொன்னது எதுவும் வெளியே வாயில் வரக் கூடாது. அவள் சொன்னது அவ்வளவுதான்.

"எனக்கு வேண்டாதவன் இந்த ஊருல யாரும்மா இருக்கான்? நீ சொல்லுத மாதிரி பாத்தா, நான் நாள் பூரா எந்திரிச்சு எந்திரிச்சு வெளியதான் போவணும்."

"போங்க அண்ணாச்சி. நடந்தா உடம்புக்கு நல்லதுங்க."

வாய்க்காரி. ஆனால் அந்த வீங்கின உதடு என் கண்ணிலேயே நின்றது. துறைமுகத்தில் வின்ச்சில் சுமை தொங்கும்போது அதற்குக் கீழே நிற்காதே என்பார்கள். எவ்வளவு பெரிய மேஸ்திரியாக இருந்தாலும் விலகித்தான் நிற்க வேண்டும். இதுவும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிப் புரிந்துகொண்டேன். ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான், எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. அதன் பிறகு எத்தனையோ பேருக்காக எழுந்து வெளியே போயிருக்கிறேன். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, 'பார், பெரிய மனுஷன் எப்படி ஒரு சின்னப் பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறான்' என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

நீர், ஓய், கும்பாதிரி

கடற்கரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒருவன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் இன்னொருவன் ஞானத்தகப்பனாக நின்றால், பெற்றவனும் ஞானத்தகப்பனும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கும்பாதிரி. போர்த்துக்கீசியர் விட்டுப்போன வார்த்தை என்பார்கள். அவர்கள் விட்டுப்போனார்களோ, நாங்கள் பிடுங்கி வைத்துக்கொண்டோமோ, கூடப்பிறந்தவனைவிட அது ஒரு படி மேல்.

கஸ்பாரும் நானும் ஒரே தெரு. நான் தோணியில் மூட்டை ஏற்றினேன், அவர் அந்தத் தோணியிலேயே ஏறிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனார். சமையல்காரனாக ஏறி, பாய் பிடித்து, சுக்கான் பிடித்து, கடைசியில் தண்டல் ஆனார். தோணிக்குத் தண்டல் என்றால் கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. அவர் மகளுக்கு நான்தான் ஞானத்தகப்பன். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு கோயில் தொட்டியருகே நின்றபோது அது என் புதுச்சட்டையில் மூத்திரம் பெய்துவிட்டது. "உறவு உறுதியாயிட்டு ஓய்" என்றார் கஸ்பார். அதுவரைக்கும் 'ஏலே, வாலே' என்று பேசியவர்கள், கோயில் படி இறங்கும்போது 'நீர், வாரும்' ஆகிவிட்டோம். எங்கள் தெருவில் அதுதான் முறை; கும்பாதிரிக்குள் 'நீங்க', 'அண்ணாச்சி' கிடையாது, அது வெளியாளுக்கு. அதனால்தான் எழுதும்போதும் எனக்கு அவர் 'அவர்'.

இன்னொரு முறையும் உண்டு. கும்பாதிரிமார் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கக் கூடாது. ஒருவன் வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை வந்தால், முதலில் போய் உட்கார்ந்து பேசுகிற உரிமை கும்பாதிரிக்கு. பெற்ற தகப்பனே வந்தாலும் அவனுக்கு அப்புறம்தான்.

இந்துமதியின் சட்டம் எழுந்து போ என்றது. எங்கள் தெருவின் சட்டம் போய் உட்கார் என்றது. இரண்டும் நேருக்கு நேர் முட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலைப் பூசை முடிந்து

கஸ்பார் தோணியை விட்டு இறங்கிக் கரையில் நிலைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் டீக்கடைக்கு வருவார். நானும் போவேன். கார் இருந்தும் நடந்துதான் போவேன். பழைய மாலத்தீவுக் கதைகள், எந்தத் தோணி எங்கே மூழ்கியது, எவன் எவளைக் கட்டினான். இரண்டு டீ, ஒரு பொட்டலம் கடலை. என் ஆயுசில் நான் சம்பாதித்ததிலெல்லாம் அந்த நேரம்தான் மேல் என்று என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். வாங்கிக் கட்டியும் இருக்கிறேன்.

ஒருநாள் காலைப் பூசை முடிந்து சனம் கலைகிற நேரம். மையத்தைத் திறந்து வைத்துவிட்டு நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்பாரின் மனைவி பிலோமி உள்ளே வந்தாள். தலையில் முக்காடு அப்படியே இருந்தது. எனக்குத் தங்கை மாதிரி அவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"வா தங்கச்சி, என்ன காலையிலயே?"

"உங்களப் பாக்க வரலண்ணே. அந்தப் பிள்ளையப் பாக்கணும்."

"எங்கிட்டச் சொல்லு. கஸ்பாருக்கு ஒடம்புக்கு எதுவுமா?"

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "சாயங்காலம் உங்ககூட டீ குடிக்க வாராவல்லா," என்றாள். "வெளிய பூட்டிட்டுத்தான் வாராவ."

"எதப் பூட்டிட்டு?"

"வீட்டத்தான். நான் உள்ள இருப்பேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "அவுக கடல்ல கெடந்த வரைக்கும் நான்தான் வீடு கட்டுனேன், மகளக் கட்டிக் குடுத்தேன். கருவாட்டுக் கூடையத் தூக்கிட்டுத் தருவைகுளம் வரைக்கும் போயிருக்கேன். இப்பம் என்னன்னா, நான் வீட்டுல இருக்கும்போது உனக்கு வெளிய என்ன சோலிங்காவ. பூசைக்கு மட்டும் விடுவாவ. சாமிக்குப் பயந்து."

"நான் அவருகிட்டப் பேசுதேன் தங்கச்சி. இன்னைக்கே…"

"வேண்டாம்ணே." இப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கும்பாதிரி பஞ்சாயத்துல பொம்பளைக்கு என்னைக்கு ஞாயம் கெடச்சிருக்கு? நீங்க வந்தா அவுகள ரெண்டு வைவிய, என்னையப் பொறுத்துப் போளான்னு சொல்லுவிய. அது வேண்டாம்னுதான் இங்கன வந்தேன்."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் கிடையாது. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தையை எத்தனையோ வீட்டில் சொல்லித்தான் நான் பஞ்சாயத்துக்காரன் ஆனேன்.

இந்துமதி வந்ததும் எழுந்து நின்றேன். "இது என் கும்பாதிரி வீடும்மா. எனக்கு ரொம்ப வேண்டியவங்க. நான் வெளிய போறேன்" என்றேன். அவள் முகத்தில் மரியாதை தெரிந்தது. எனக்கு அது இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனிக்கத்தான் செய்தது.

விலகினேன், நன்றாகவே விலகினேன்

அன்று சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

எப்படிப் போவது? அவர் மடியில் அந்த வீட்டுச் சாவி இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே கடலையைக் கொறித்துக்கொண்டு மாலத்தீவுக் கதை கேட்க முடியுமா? இரண்டாவது டீ சொன்னால் அவள் அடைந்து கிடக்கிற நேரம் இன்னும் நீளும். பேச்சுவாக்கில் வாயைவிட்டு எதையாவது சொல்லிவிட்டால் அவளுக்கு என்ன ஆகுமோ. டிரைவர் மனைவியின் உதடு ஞாபகம் வந்தது. வாயைக் கட்ட முடியாது என்று தெரிந்து காலைக் கட்டினேன்.

நான் போகாவிட்டால் அவரும் கடைக்கு வராமல் வீட்டில் இருப்பார், பூட்டும் விழாது என்று ஒரு கணக்கும் போட்டேன். அவரோ கடைக்கு வந்து, தனியாக உட்கார்ந்து, நான் வருவேன் வருவேன் என்று முன்னைவிட அதிக நேரம் காத்திருந்தாராம். டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

போன் அடித்தால் எடுக்கவில்லை. கோயிலில் அவர் வலப்பக்கம் நின்றால் நான் இடப்பக்கம் போனேன். மகன்கள், "கஸ்பார் மாமாகூட எதுவும் மனஸ்தாபமா?" என்று கேட்டார்கள். "உங்க சோலியப் பாருங்கலே" என்றேன்.

இதற்கிடையில் இந்துமதி, பிலோமியின் சம்மதத்தோடு, கஸ்பாரைப் போய்ப் பார்த்துப் பேசக் கூப்பிட்டிருக்கிறாள். புதன்கிழமை, மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம் என்று. அது எனக்குத் தெரியாது. கஸ்பார் வாயால்தான் தெரிந்தது.

அந்தப் புதனுக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் நான் வீட்டில் பின்கட்டில் இருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. என் மனைவி எட்டிப் பார்த்து, "ஒங்க கும்பாதிரில்லா" என்றாள். நான் கையை அசைத்து இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

"அவிய இல்லயே அண்ணே."

"ஏளா, அவரு செருப்பு இங்கன கெடக்கு."

"வேற செருப்பு மாட்டிட்டுப் போயிருக்காவ."

பிறகு கஸ்பாரின் குரல், பின்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி, தோணியின் முன்முனையில், அணியத்தில் நிற்பவனுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல். "இல்லன்னா சரி. வந்தா சொல்லு. ஒரு பிள்ளை வந்து பேசக் கூப்பிட்டுச்சு. வெளியூர்ப் பிள்ளைகிட்ட என் வீட்டுக் கதைய நான் என்ன பேச? ஆனா அது கும்பாதிரி கட்டடம்லா. அவரு இருப்பாருல்லா. அதுக்காவத்தான் வாரேன்னு சொல்லிட்டேன். புதன்கிழமை. சொல்லிரு."

அப்போதாவது நான் வெளியே வந்திருக்கலாம். "ஓய், நான் உள்ள இருக்க மாட்டேன், இருக்கக் கூடாது. ஆனா நீரு போகணும்" என்று சொல்லியிருந்தால் போதும். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை

அந்தப் புதன்கிழமை மையத்துப் பக்கமே போகக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. மீன் கம்பெனிக்குப் போய்வந்த என் லாரி ஒன்று எதிர்ச்சாரியில் நின்றது. அதைச் சாக்கு வைத்து அங்கே போய் நின்றேன்.

கஸ்பார் கேட்டைப் பிடித்தார். தள்ளவில்லை. மறுபடியும் தெருவைப் பார்த்தார். அந்த ஆள் புயலில் பாய்மரம் முறிந்த தோணியைக் கரை சேர்த்தவர். ஒரு இரும்புக் கேட்டைத் தள்ள முடியாமல் நின்றார். நான் இரண்டு எட்டு எடுத்து வைத்து, தோளில் கைபோட்டு, "நடவும் ஓய்" என்றிருந்தால் போயிருப்பார். வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வேப்பமரத்தடியில் நின்றிருக்கலாம்.

அவர் சைக்கிளைத் திருப்பினார். வெள்ளைச் சட்டை தெருமுனையில் திரும்பி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் இந்துமதி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தாள். எப்படிக் கண்டாளோ.

"இங்க என்ன பண்றீங்க அண்ணாச்சி?"

"தள்ளி நிக்கேம்மா. நீ சொன்ன மாதிரி."

"அவரு வந்தாரா?"

"வந்தாரு. போயிட்டாரு."

"நீங்க பார்த்துட்டே நின்னீங்களா?"

"நான் எப்படிம்மா முன்னால வர? எனக்கு வேண்டியவரு. நீதான வெலகி நிக்கணும்னு…"

அந்தப் பெண் அப்படியே லாரியின் பக்கக் கதவில் சாய்ந்துகொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் கேஸை விட்டுத் தள்ளி நிக்கச் சொன்னேங்க," என்றாள். "அவரை விட்டுத் தள்ளி நிக்க யாருங்க சொன்னா?"



எதிரில் நின்றவன்

அன்று சாயங்காலமே கஸ்பார் வீட்டுக்குப் போனேன். பிலோமி வீட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை. மையத்தில் காத்திருந்தவள், அங்கிருந்து நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். கஸ்பார் அதே வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"உம்ம கட்டடத்துக்கு வந்தேன்," என்றார். "நீரு இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதில் நான் ஒன்றும் மட்டமில்லை. ஆனால் வரவில்லை. "எதிர்லதான் நின்னேன் ஓய். லாரிக்குப் பின்னால."

"என்னயப் பாத்தீரா?"

"பாத்தேன்."

"நான் தேடுனதப் பாத்தீரா?"

"பாத்தேன்."

"வீட்டுக்கு வந்த அன்னைக்கும் உள்ளதான் இருந்தீரு."

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அந்தப் பிள்ள நாலு கேள்வி கேக்கும்னு எனக்குத் தெரியும். அவ முன்னால தலையக் குனியணும்னும் தெரியும். நீரு அங்கன எங்கயாவது நின்னீர்னா குனிஞ்சிருப்பேன். ஊருல ஒருத்தன் அதுக்கப்புறமும் என்னைய மனுசனா மதிப்பான்லா. அதான் தேடுனேன்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மையத்தின் சட்டம், பிலோமியின் பேச்சை நான் வெளியில் சொல்ல முடியாதது, டிரைவர் மனைவி, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரிதான்," என்றார். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

நீங்க.

மாப்பிள்ளையூரணி

பிலோமி இப்போது மாப்பிள்ளையூரணியில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். இந்துமதிதான் ஏற்பாடு செய்தாள். பக்கத்திலேயே ஒற்றை அறை. இந்துமதி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதற்கு முன்னால் ஒருநாள் என்னை வரச் சொல்லிப் பிலோமியே ஆளனுப்பினாள். போனேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அன்னைக்கு நான் அவுகள விட்டுட்டுப் போவணும்னு வரலண்ணே," என்றாள். "ஜன்னல் வழியா சட்டையப் பாத்தேன். வந்துட்டாவன்னு எந்திரிச்சு நின்னேன். அப்புறம் சைக்கிளு திரும்புச்சு. சரி, இவ்வளவுதான்னு நெனச்சேன்."

"இப்பமும் ஒண்ணும் கெட்டுப்போவல தங்கச்சி. நான் கூட்டிட்டு வாரேன். வாசல்ல விட்டுட்டு நான் போயிருதேன்."

அவள் சிரித்தாள். "இப்பம் எனக்கு இங்க பழகிட்டு. சாயங்காலம் வேலை முடிஞ்சா மெயின் ரோடு வரைக்கும் நடந்து போயிட்டு வாரேன். சும்மாதான். எங்க போறன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ." கொஞ்சம் யோசித்தாள். "அவுகளுக்குச் சோறு பொங்கத் தெரியும், தோணியில பொங்குனதுதான. கொழம்புல உப்பு அதிகமாப் போடுவாவ. பிரஷருக்கு ஆகாது. கூட இருந்து பாத்துக்கிடுங்கண்ணே."

அவளுக்கு நான் கெடுதல் செய்யவில்லை. ஒருவேளை நன்மையே செய்துவிட்டேனோ என்னவோ. விலகி நின்றது சரி என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன். மையத்தில் இப்போதும் எனக்கு வேண்டியவர் வந்தால் எழுந்து வெளியே போகிறேன். ஆனால் வெளியே அந்த வீட்டு ஆம்பளையோ பொம்பளையோ திக்குமுக்காடி நின்றால், பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மழை வருமா, மீன் என்ன பாடு, இதுதான் பேச்சு. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கும்பாதிரி செலவாயிற்று. துறைமுகத்தில் எவ்வளவோ நஷ்டப்பட்டு எழுந்திருக்கிறேன். இதிலிருந்து எழுந்திருக்கத் தெரியவில்லை.

டீக்கடைக்குத் தினமும் போகிறேன். கஸ்பாரும் வருகிறார். எழுந்து போவதில்லை, முகத்தைத் திருப்புவதில்லை. பெஞ்சில் எனக்கு இடம்கூட விடுகிறார். குழம்பில் உப்பைக் குறையும் என்று சொன்னால், சரி என்கிறார். நான் அவருக்கும் சேர்த்து டீ சொல்வதற்குள் அவர் டீயை அவரே வாங்கியிருப்பார்.

நேற்று, அவர் ஓட்டிய தோணியை உடைக்கப் போகிறார்கள் என்று துறைமுகத்தில் கேள்விப்பட்டேன். முன்னே மாதிரி இருந்தால் அந்த ஒரு செய்தி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓடும். ஆசையோடு போய்ச் சொன்னேன்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் தலையசைத்தார்.

"அப்படியா அண்ணாச்சி," என்றார்.